சால்வை போர்த்திக்கொள்ளாத மகனுக்கு

முகிலா,

நீ நலமாகத்தான் இருப்பாய், தெரியும். நேற்று போனில் மலைக்குளிரைப் பற்றி அவ்வளவு புலம்பிய நீ, இடையில் விடுதிப் பூரிக்கிழங்கைப் பற்றியும் மறக்காமல் சொன்னாய். சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற வரைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். போனில் பேசியது போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். இங்கே தமிழ்ச் சங்கத்தில் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். "தேசப் பணியில் தீவின் பிள்ளைகள்" என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். "உங்க பையன் குடிமைப் பணிக்குப் போயிருக்கான், நீங்க எழுதாம யார் மேடம் எழுதுறது?" என்றார் செயலாளர். உட்கார்ந்து பார்த்தேன். கட்டுரை வரவில்லை. சலித்துப்போய் "முகிலா" என்று எழுதினேன். அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை. ஆகவே இது உனக்கு எழுதுவது. மலரில் வருவதால் ஊரும் படிக்கும். படிக்கட்டும்.

நீ கிளம்புவதற்கு முன்னால் உனக்கும் சித்தப்பாவுக்கும் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "எழுதுங்க அண்ணி. என் பேரும் வேணாம், கட்சி பேரும் வேணாம். ஆனா நான் நல்லவன்னு ஒரு வரி போட்டுடுங்க" என்றார். போட்டுவிடுகிறேன்: உன் சித்தப்பா நல்லவர். உன் அப்பா கப்பலின் எஞ்சின் அறையில் பாதி மாதம் கடலில் கிடந்த காலத்தில், டெலானிபூர் மேட்டிலிருந்து உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். நீ தேர்வுக்குப் படிக்கச் சென்னை போனபோது, ஜங்லிகாட்டில் உள்ள தன் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பை இழுத்துச் சாத்திவிட்டு உன்னோடு கப்பலேறி, தங்க இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தவரும் அவர்தான். உன் தேர்ச்சியில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. அதனால்தான் அந்தச் சிக்கல் அவ்வளவு பெரிதாயிற்று.

முதலில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது பஸ்ஸில் ஒட்டியிருக்கும் விதிமுறைகளைக்கூட முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பேன் என்று உனக்குத் தெரியும். உணவுப்பொருள் வழங்கல் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்த முதல் வாரத்தில், மற்றவர்கள் தேநீருக்குப் போகும்போது நான் பழைய கோப்புகளைக் கதைப் புத்தகம் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன். "அரே தீதி, இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று வங்காளத் தோழி சிரிப்பாள். எனக்கு அதில் ஒரு ஆச்சரியம் இருந்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு முன்பே தெற்குத் தீவுகளுக்கு அரிசி போய்ச் சேர வேண்டும். எந்தத் தீவில் இருப்பு குறைவோ அங்கே முதலில். இதைத் தொடங்கியவர் யாரோ. ஒவ்வொரு வருடமும் வேறொருவர் கையெழுத்து, வேறொருவர் முத்திரை. டெல்லியில் ஆட்சி மாறியிருக்கும். சுவரில் இருக்கும் படத்தை மாற்றியிருப்பார்கள். அரிசி மட்டும் அதே மாதத்தில் கப்பலேறியிருக்கும். ஒரு தேர்தலில் வாக்கு எண்ணிய நாளன்று தெருவெல்லாம் பட்டாசு வெடிக்க, நானும் தோழியும் துறைமுகத்தில் மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றோம். யார் ஜெயித்தார்கள் என்று மாலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. முகிலா, அன்றைக்கு வந்த பெருமை எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

பாரபட்சமில்லாத சேவை என்றால் கருத்தே இல்லாமல் இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்குக் கருத்து உண்டு. நான் தவறாமல் ஓட்டுப் போடுகிறவள். யாருக்குப் போட்டேன் என்று நீயும் அப்பாவும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடப் பார்ப்பீர்கள். ஒருமுறை நீ இரண்டு சின்னங்களையும் வரைந்து கொண்டுவந்து, "எதை முதல்ல பாக்குறீங்கன்னு பாக்கப் போறேன்" என்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்களுக்கு மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு அதிகாரி இருந்தார். ரேஷன் கிடங்கை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சொன்னபோது, அது ஏன் சரிவராது என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவர்கள் அதையும் படித்துவிட்டு, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அவர் மறுநாளே வேலையைத் தொடங்கினார். மழையில் நனைந்துகொண்டு, லாரிகளுக்கு வழி காட்டிக்கொண்டு, ஒரு மூட்டை கிழியாமல் மாற்றிக் கொடுத்தார். அந்த வேலையைப் பார்த்தவர்கள் அந்த யோசனையே அவருடையது என்றுதான் நினைத்திருப்பார்கள். நீயும் அப்படிச் செய். உனக்குச் சரியென்று படாததைத் தயங்காமல் எழுதிவை. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் சட்டத்துக்கு உட்பட்டு முடிவெடுத்துவிட்டால், அதை முழு மனதாகச் செய். சட்டத்துக்கு வெளியே என்றால் செய்யாதே. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் உன் உத்தியோகம் முழுவதும் ஓடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் சித்தப்பா விஷயத்தில் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு தேர்தலில் படகில் போக வேண்டிய ஒரு கிராமத்தில் எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை. வாக்குப்பதிவு முடியும் நேரம் வந்ததும், நிற்பவர்களுக்கெல்லாம் நாங்கள் கையெழுத்திட்ட சீட்டுக் கொடுப்போம். வரிசையின் முன்னாலிருந்து கொடுக்க மாட்டோம். கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னால் வருவோம். அப்போதுதான் பின்னால் புதிதாக ஒருவர் வந்து ஒட்டிக்கொள்ள முடியாது. நான் கடைசி ஆளுக்குச் சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன், படகுத்துறைப் பக்கமிருந்து ஒருவர் ஓடிவருகிறார். மீன் வாடையும் வியர்வையுமாக, பாவம். எனக்கும் இரக்கமாகத்தான் இருந்தது. உள்ளே இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் காலையிலிருந்து கோழிச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். "எங்க ரெண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்ல மேடம். உங்களுக்கு என்ன?" என்றார் ஒருவர். "ஆமா மேடம், நாங்களே சும்மா இருக்கோம்ல" என்றார் மற்றவர். ஒரு நிமிடம் எனக்கே குழப்பம். பிறகு தோன்றியது: நேரம் முடிந்துவிட்டது, இனி விடமாட்டார்கள் என்று பாதி வழியிலேயே திரும்பிப் போன யாராவது ஒருவர் இருப்பார். அவருக்காக இங்கே ஏஜெண்ட் யாரும் இல்லை. "முடியாது" என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். இரு பக்கமும் ஒத்துக்கொண்டால் அது நடுநிலை ஆகிவிடாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். உன் தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாள், ஜங்லிகாட் சந்தை முனையில் சித்தப்பா ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார். ஒரு பக்கம் அவர் கட்சித் தலைவர், மறு பக்கம் நீ. படம் செய்தவன் கைவரிசையைக் காட்டி, தலைவரின் கை உன் தோளில் இருப்பதுபோல் ஒட்டியிருந்தான். தேர்வு விண்ணப்பத்துக்கு எடுத்த உன் முகம் அதே திகிலோடு இருந்தது. கீழே "எங்கள் வீட்டுக் கலெக்டர்" என்று எழுதி, ஓரத்தில் கைகூப்பியபடி சித்தப்பா. இதைக் கேள்விப்பட்டதும் உன் மாமா, என் அண்ணன், சும்மா இருப்பாரா? அவர் எதிர்க்கட்சியாயிற்றே. பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் அவர் கடைக்கு மேலேயே இன்னொரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. வேறு தலைவர், வேறு நிறம், அதே திகில் முகம். அங்கிருந்து எதிர்க்கரை சாத்தத்துக்குப் போகிற படகில் ஏறிய ஒருவர், "தம்பி அந்தக் கரையில அந்தக் கட்சி, இந்தக் கரையில இந்தக் கட்சி, நடுக்கடல்ல யாரு?" என்று கேட்டாராம். மாமா அதை அவரே வந்து சொல்லிச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

ஃப்ளெக்ஸோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டெல்லியிலிருந்து சித்தப்பாவின் கட்சிப் பெருந்தலை ஒருவர் வருவதாக இருந்தது. அவர் மேடையில் உனக்குக் கட்சிச் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு. சித்தப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்து நகராட்சித் தேர்தல். பல வருடமாகக் கொடி கட்டி, நாற்காலி போட்டு, மைக் பிடித்து உழைத்தவர் அவர். வார்டு சீட்டு இந்த முறை அவருக்கா இன்னொருவருக்கா என்று இழுபறி. நீ அந்த மேடையில் ஏறினால் சீட்டு அவருக்கு என்பது ஏறக்குறைய உறுதி. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். மாமா ஒரு சமாதானம் கொண்டுவந்தார். சித்தப்பாவைக் காட்டிச் சொன்னார்: "மாப்பிள்ளை கூட்டத்துல கால் மணி நேரம், எங்க கூட்டத்துல கால் மணி நேரம். ரெண்டு சால்வை. கணக்கு சரியாப் போச்சு. இதுக்கு மேல நடுநிலைமை எங்கம்மா இருக்கு?" சித்தப்பாவும் அதற்குத் தலையாட்டிவிட்டார். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து காபி குடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். நான் உன்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று வாயை அடக்கிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் இது உன் உத்தியோகத்தின் முதல் முடிவு. ஆனால் என் மனதுக்குள் ஒரு திட்டம் இருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். கூட்டத்தன்று காலையில் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். டாக்டர் சீட்டுக்கூட வாங்கிவிடலாம். யார் மனதும் புண்படாது. இத்தனை வருடம் அரசாங்கத்தில் வேலை பார்த்தவள் யோசித்த வழி அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்கூட்டர் பிரேக்கைச் சரிசெய்ய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நீயும் பின்னால் ஏறிக்கொண்டாய். சித்தப்பா சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தன் வண்டிக்காகக் காத்திருந்த வங்காளி ஆட்டோக்காரர் ஒருவர் பெஞ்சில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். நீ சித்தப்பாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாய்.

"சித்தப்பா, நான் மேடைக்கு வரல."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எந்த மேடைக்கு? எங்களதுக்கா, உன் மாமனதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ஏன்டா, பெரிய ஆபீசர் ஆயாச்சு, கிரீஸ் கைக்காரனெல்லாம் சித்தப்பன்னு சொல்லக் கூச்சமா இருக்கா?"

"இப்ப என் கையிலயும் கிரீஸ்தான் சித்தப்பா இருக்கு."

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். சித்தப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார். "இங்க பாரு. ஆர்டர் இன்னும் கையில வரல. நீ இன்னும் கவர்மெண்ட் ஆளு இல்ல. சேர்ற வரைக்கும் நீ எங்க பையன்தானே? சேந்தப்புறம் உன்னை யாரு கூப்பிடப்போறா?"

"சேந்தப்புறமும் அந்த போட்டோ இருக்கும்ல சித்தப்பா?"

"இருந்தா என்ன? நீ நேர்மையா இருந்தா போதாதா? ஒரு சால்வையில உன் நேர்மை போயிடுமா?"

நீ கையிலிருந்த நட்டைத் துடைத்து அவரிடம் நீட்டினாய். பிறகு நீ சொன்னதை நான் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மலரைப் படிக்கிற பிள்ளைகளில் யாராவது நாளைக்கு உன் இடத்தில் நிற்கலாம். "எனக்குப் போதும் சித்தப்பா. ஆனா நாளைக்கு எங்கயோ ஒரு ஊர்ல ஒருத்தன் என் மேசைக்கு முன்னாடி வந்து நிப்பான். வேற கட்சிக்காரனா இருப்பான். அவன் மனு சரியில்லன்னு நான் திருப்பி அனுப்புவேன். நியாயமாத்தான் அனுப்புவேன். அவன் வெளிய போய் போன்ல இந்த போட்டோவைப் பாப்பான். அவ்வளவுதான், அப்புறம் அவன் எந்த ஆபீசையும் நம்ப மாட்டான். மாமா போட்டோவையும் பாத்தா இன்னும் மோசம். ரெண்டு பக்கமும் வாங்கித் தின்னவன்னு நெனைப்பான்."

சித்தப்பா மறுபடி ஸ்பானரை எடுத்தார். "தாதா, லட்கா டீக் போல்தா ஹை" என்றார் ஆட்டோக்காரர், அண்ணே, பையன் சரியாகத்தான் பேசுகிறான் என்று. "நீ சும்மா இரு, உன் கிளட்ச்சை இப்படியே கழட்டிப் போட்டுருவேன்" என்று அவர் மேல் பாய்ந்தார் சித்தப்பா. அப்புறம் உன்னைப் பார்த்து, மிகவும் மெதுவாக, "எனக்கு அந்த மேடை எதுக்குன்னு தெரியுமாடா?" என்று கேட்டார்.

"தெரியும் சித்தப்பா. தெரிஞ்சுதான் நேர்ல வந்தேன். காய்ச்சல்னு பொய் சொல்ல மனசு வரல."

என் முகம் அப்போது எப்படி இருந்ததோ தெரியாது. நீ என் பக்கம் திரும்பாதது நல்லதாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைச் சந்தையே பார்த்தது. சித்தப்பா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, சீட் கவர் வெட்டும் பிளேடையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு முனைக்குப் போனார். ஏணியில் ஏறி உன் படத்தைச் சுற்றி வெட்டத் தொடங்கினார். கீழே நின்றவர்கள், "அண்ணே, என்ன ஆச்சு? தம்பி பெயிலாயிட்டானா?" என்று கேட்டார்கள். "பாஸாயிட்டான்யா, ரொம்பவே பாஸாயிட்டான்" என்று மேலிருந்தே கத்தினார். தலைவரின் கை உன் தோளில் இருந்ததல்லவா? எப்படி வெட்டினாலும் நாலு விரல் உன்னோடு வந்தது. அவர் கீழே இறங்கி, அந்த விரல்களை ஒவ்வொன்றாக நறுக்கி எறிந்தார். உன் சட்டையில் தோள்பட்டை போய்விட்டது. இனி முழு ஃப்ளெக்ஸையும் அவிழ்ப்பார் என்று நினைத்தேன். அவிழ்க்கவில்லை. "என் கட்சி என்னோடது அண்ணி. அது இருக்கும்" என்றார். நடுவில் பெரிய ஓட்டையோடு, தலைவர் காற்றைத் தட்டிக்கொடுத்தபடி அங்கேயே நின்றார். மாமாவுக்கு அன்று மதியமே செய்தி போய்விட்டது. போட்டிக்கு ஆள் இல்லாத ஃப்ளெக்ஸ் எதற்கு என்று அவரும் இறக்கிவிட்டார். கெட்டித் துணி வீணாகக் கூடாதென்று வெங்காய மூட்டைகளுக்கு மேல் போர்த்தியிருக்கிறார். சாரல் அடிக்கிற நாளெல்லாம் உன் முகம்தான் காக்கிறது.

சால்வை இல்லாமலே கூட்டம் நடந்தது. வார்டு சீட்டு இன்னொருவருக்குப் போனது. உன்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை, சித்தப்பா உட்பட. ஆனால் அதற்கப்புறம் அவர் நம் குவார்ட்டர்ஸ் பக்கமே வரவில்லை. உன்னை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு வந்தார், உன் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கினார், "சாப்பிடு, உடம்பைப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். வழக்கமாக உன் தலையைக் கலைத்து ஒரு குத்து விடுவாரே, அது இல்லை. நீ உள்ளே போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாய். எனக்கு உன்மேல் பெருமையும் இருந்தது, அவருக்காக வருத்தமும் இருந்தது. சரியானதைச் செய்தால் எல்லோரும் கைதட்டுவார்கள் என்று நான் படித்த பாடப் புத்தகங்கள் சொல்லியிருந்தன. அந்த இடத்தில் அவை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டன.

போன வாரம் அந்த வழியாக வந்தபோது ஒர்க்‌ஷாப்பில் நின்றேன். சித்தப்பாவின் கட்சிக்காரர் ஒருவர் அங்கே பேசிக்கொண்டிருந்தார். அவர் மச்சினனுக்கு எங்கோ இடமாற்றம் வேண்டுமாம். நீ இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறாய் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. "உங்க அண்ணன் மகன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." என்று இழுத்தார்.

சித்தப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருகிட்ட, அவன்கிட்டயா? சொந்தச் சித்தப்பனுக்கு ஒரு சால்வை போட்டுக்காதவன்யா அவன். உன் மச்சினனுக்கா செய்யப்போறான்? நியாயம் இருந்தா முறைப்படி எழுதிப் போடு, நடக்கும். இல்லேன்னா எங்க பையன்கிட்ட எதுவும் நடக்காது. போ, ஊரெல்லாம் சொல்லு." எந்தக் கூட்டத்திலும் அவர் மைக்கில் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆள் போன பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. வண்டிச் சக்கரத்தைத் துடைத்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "அண்ணி, அவன் எப்பவும் இப்படியே இருப்பானில்ல? நாளைக்கு எவனோ பெரிய ஆளு வந்து கேட்டு, அவனுக்குச் சரின்னுட்டான்னா, எனக்கு இல்லேன்னு சொன்னதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்."

"இருப்பான் தம்பி" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், முகிலா. அவர் தலையை ஆட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். வந்தார்.

அம்மா